கடல்பாசியில் வேர்விட்ட சீனிக்கிழங்கு

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் திசு வளர்ப்புக் கூடத்தில் எனக்கு வேலை. "போத்தலுக்குள்ள செடி வளக்கா" என்று அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் விளங்காது. வள்ளியூர்ப் பக்கம் சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, போடும் என் அண்ணன் மட்டும் ஒருநாள் ஒரு பையோடு வந்து நின்றான். உள்ளே கொடிகள். இலையெல்லாம் சுருண்டு மஞ்சள் பாய்ந்திருந்தது.

"கிழங்கு விரல் தண்டிதான் வருது. மருந்தடிச்சும் கேக்கல. ஏட்டி, ஒன் போத்தல்ல ஏதும் வழி இருக்கா?"

இருந்தது. வைரஸ் பிடித்த கொடியிலும் நுனிக்குருத்தின் உச்சி பெரும்பாலும் தப்பித்திருக்கும். கடுகை நாலாக நறுக்கினாற்போன்ற அந்த உச்சியை நுண்நோக்கிக்குக் கீழே ஊசியால் பெயர்த்தெடுத்து, சத்துக்கூழ் ஊற்றிய போத்தலில் வைத்து வளர்க்க வேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவள் மேலப்பாளையத்துப் பெண், என்னைவிட இளையவள். மாறி மாறி வெட்டினோம். முதலில் வைத்ததெல்லாம் பூஞ்சை பிடித்து வெள்ளைப் பஞ்சாகப் போயிற்று. அடுத்ததில் பாதி கருகியது. பிழைத்தவற்றைச் சோதனைக்கு அனுப்பினால், வைரஸ் இல்லை என்று வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒற்றைச் செடி எங்களுக்குப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அது மளமளவென்று வளர்ந்து போத்தல் மூடியை முட்டி நின்ற நேரம் பார்த்து, அகார் தீர்ந்துபோனது.

அகார்தான் சத்துநீரைக் கூழாக உறையவைக்கும் பொடி. அது இல்லாமல் புதுப் போத்தல் தயார்செய்ய முடியாது. மதுரைக் கடையில் கேட்டால் சரக்கு வரவில்லை, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். இங்கே செடியின் கீழிலைகள் பழுக்கத் தொடங்கின. இடமும் சத்தும் போதாமல் அது பட்டுப்போகும் என்று பயந்தேன்.

திடீரென்று அவள் மேசையைத் தட்டினாள்.

"அக்கா, அகாருன்னா கடல்பாசிதானக்கா! எங்க உம்மா நோம்புக்கு வாங்கி அடுக்கி வச்சிருக்காக்கா."

வருஷாவருஷம் அவள் வீட்டிலிருந்து வரும் கடல்பாசியை, பால் ஊற்றிக் காய்ச்சி உறையவைத்து ரோஸ் நிறத்தில் துண்டு போட்டதை, நான் தின்றிருக்கிறேன். எனக்கு இது தோன்றவேயில்லை!

மறுநாள் அவள் கொண்டுவந்ததைப் பேராசிரியரிடம் காட்டினோம். "செஞ்சு பாருங்க, செடியை மட்டும் இப்ப தொடாதீங்க" என்றார். முதல் தடவை கஞ்சித்தண்ணீராட்டம் ஓடியது. அளவைக் கூட்டினோம். கொதிக்கவைத்து, போத்தல்களில் ஊற்றி, கிருமி போக அவித்து, ஆறவிட்டோம். அவள் ஒரு போத்தலை எடுத்துப் பையக் கவிழ்த்தாள்.

"நிக்கு! அக்கா, நிக்குக்கா!"

கூழ் அசையாமல் போத்தலின் அடியிலேயே ஒட்டி நின்றது. நோன்பு வைத்திருந்தவள் குதித்த குதியில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். பேராசிரியரும் வந்து, எங்கள் பேச்சை நம்பாமல், தாமும் ஒரு போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார்.

அன்று மத்தியானமே செடியைக் கணுக்கணுவாக வெட்டினோம். கணு ஒன்றுக்கு ஒரு போத்தல். கடைசித் துண்டுகளை அவளே வைத்தாள்.

அதற்குப் பிறகு யார் முதலில் அறையைத் திறப்பது என்று எங்களுக்குள் போட்டி. நான் ஒரு பஸ் முன்னால் வந்தால், அவள் அதற்கும் முந்திய பஸ்ஸில் வந்திருப்பாள். ஒருநாள் காலை நான் படியேறும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது: "வேரு விட்டிருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தேன். கூழுக்குள் வெள்ளை நூலாக வேர், கணுவில் பச்சைப் பொட்டாகத் தளிர். ஒன்றிரண்டில் இல்லை, அநேகமாக எல்லாப் போத்தல்களிலும்.

அவள் உம்மாவுக்கும் பொறுக்கவில்லை. நோன்போடு வெயிலில் ஆட்டோ பிடித்து வந்து, கண்ணாடியில் மூக்கு படுமளவு குனிந்தார்.

"நம்ம பாசியா இது? யா அல்லா, வேரு மீன்குஞ்சாட்டம்லா நெளியுது!"

போத்தலை விட்டு எடுத்தபிறகும் பயம் தீரவில்லை. வேரில் ஒட்டிய கூழைக் கழுவி, தேங்காய்நார்த் தூளில் நட்டு, பாலிதீன் பையால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்கினோம். சில வாடின. மிச்சமெல்லாம் நிமிர்ந்தன. அண்ணன் வந்து தட்டோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் போன்.

"ஏட்டி, இலை வெத்தலையாட்டம் விரிஞ்சு கெடக்கு! சுருட்டலே இல்ல!"

அந்தக் கொடிகளை வெட்டி வெட்டி வயல் முழுக்கப் பரப்பினான். கிழங்கு தோண்டும் அன்று நாங்கள் இருவரும் லீவு போட்டு வள்ளியூர் பஸ் ஏறினோம். அண்ணன் மண்வெட்டியால் மண்ணைத் தளர்த்தி முதல் கொடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அவளும் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, செம்மண் வெடித்து, முழங்கைத் தண்டிக் கிழங்குகள் கொத்தாக மேலே வந்தன. அவள் போட்ட கூச்சலில் வரப்பில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன. நான் ஒரு கிழங்கை முந்தானையில் துடைத்து, அங்கேயே பச்சையாகக் கடித்தேன். பால் வடிந்தது, இனித்தது.