மாங்கொட்டையில் மாவு எடுத்த அமலோற்பவம் அம்மையார்

போன வாரம் ஒரு காலையில், வில்லியனூர் குடோனில் மாங்கொட்டை வண்டி இறக்கிக்கொண்டிருந்தோம். செலியமேட்டிலிருந்து கொட்டை உடைக்க வரும் அஞ்சலை அன்று தாமதமாக வந்தார். வந்தவர் வேலைக்கு உட்காரவில்லை. நேரே என்னிடம் வந்து, "அமலி அம்மா நம்மள வுட்டுட்டுப் பூட்டாங்க மொதலாளி" என்றார். கேட்ட ஆட்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். மாம்பழக் காலத்தில் எங்கள் குடோன் பகலில் பூட்டிக் கிடந்தது அன்றுதான்.

அமலோற்பவம் அம்மையாரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெசவுக்கு முன்னால், நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தறியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்தக் கஞ்சிக்கான மாவை, தின்று எறிந்த மாங்கொட்டையிலிருந்து எடுத்து, தறிக்குத் தகுந்தபடி பக்குவமும் செய்து கொடுத்தவர் அவர்.

செலியமேட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். அதில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அம்மையார். கெமிஸ்ட்ரி படித்து, டவுனில் ஒரு கவர்ன்மென்ட் கல்லூரியில் பசங்களுக்கு லேப் சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை என் கடைக்கு வந்தார். நான் அப்போது தறிக் கஞ்சிக்குச் சேலத்து மரவள்ளிக் கிழங்கு மாவு விற்றுக்கொண்டிருந்தேன். சைக்கிளில் மூட்டை கட்டித் தறிக்கூடம் தறிக்கூடமாகப் போய் வளர்ந்த வியாபாரம். வந்தவர் மாவு வாங்கவில்லை. அரியாங்குப்பம் பக்கம் மாம்பழச் சாறு பிழியும் கம்பெனிக்குப் பின்னால் ஈ மொய்த்துக் கிடக்கும் கொட்டைக் குவியலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதுதான் எனக்குத் தெரியும் என்றேன். "நாத்தம் மேலதாண்ணே, உள்ள மாவு இருக்குது" என்றார்.

நான் குடோனில் இடம் கொடுத்தேன். தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொட்டை சும்மா கிடைத்தது, அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது கம்பெனி. கிழங்கு மாவோ லாரி வந்தால்தான் உண்டு. ஆனால் அம்மையார் செய்தது கணக்குப் பார்த்துச் செய்கிற காரியமல்ல. கொட்டையையும் வகுப்பையும் ஒன்றாகப் பார்க்க முடியாது என்று கல்லூரி வேலையை விட்டுவிட்டார். ஊரே சிரித்தது. கவர்ன்மென்ட் சம்பளத்தை விட்டுவிட்டுக் கொட்டை பொறுக்க வந்துவிட்டாள் என்று அவர் வூட்டு வாசலிலேயே பேசினார்கள். இந்த மாவு விலை போகாவிட்டால் அவருக்குத் திரும்பிப் போக வேலை கிடையாது. அவர் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்த தங்கையின் படிப்பும் நின்றுபோகும்.

முதல் மாவு கேழ்வரகுக் கூழ் நிறத்தில் வந்தது. அஞ்சலை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஆடிக் கூழா? முருங்கக்கீர போட்டுக் காய்ச்சிடலாமா?" என்று கேட்டார். அம்மையார் தலையில் அடித்துக்கொண்டார். மாங்கொட்டைத் துவர்ப்பு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். நாங்களோ கொட்டைக்குள் இருந்த பருப்பை அரிவாள்மணையில் அரிந்து, இரும்புச் சட்டியில் ஊற வைத்திருந்தோம். "தொவர்ப்பும் இரும்பும் சேந்தா இங்க்குன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான். என் கண்ணு எங்க போச்சு?" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அன்றோடு இரும்பு வெளியே போனது. உடைக்க மரக் கொட்டாப்புளி, அரைக்கக் கல் உரல், ஊற வைக்க சிமென்ட் தொட்டி. தண்ணீர் மாற்றி மாற்றித் துவர்ப்பை எடுத்து, அரைத்து, துணியில் வடித்துத் தெளிய விட்டதும், தொட்டியின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாய் மாவு படிந்தது.

எனக்கு அதுவே போதும். அவருக்குப் போதவில்லை. அந்த மாவைக் கரைத்து ஊறுகாய் ஜாடிகளில் ஊற்றி, துளி ஆசிட் சேர்த்து, கை பொறுக்கும் சுடுதண்ணீரில் ஜாடிகளை இறக்கிக் காலையிலிருந்து இருட்டும்வரை காத்தார். பிறகு சோடா உப்பு போட்டு ஆசிட்டை முறித்து, அலசிக் காயவைத்தார். கையில் எடுத்துப் பார்த்தேன். முன்னால் இருந்த மாவேதான். ஆசிட் வாங்கியது வீண் என்றேன்.

"பாத்தா தெரியாதுண்ணே. காய்ச்சினாத்தான் தெரியும்."

காய்ச்சியதும் நான் ஒரு குச்சியை எடுத்து நட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் கஞ்சிக்குள் குச்சி நட்டால் நிற்க வேண்டும். நின்றால் நல்ல மாவு, சாய்ந்தால் கலப்படம். இதில் குச்சி மிதந்தது.

அதைத்தான் டவுன் மில்லுக்கு எடுத்துப்போனோம். கஞ்சி போடும் பகுதிக்கு மேஸ்திரி கோவிந்தசாமி. கரண்டியில் அள்ளி ஊற்றிப் பார்த்தார். கஞ்சி மோர் போல ஓடியது. "இன்னா மொதலாளி, மாவு விக்க வந்தியா, சோறு வடிச்ச தண்ணி விக்க வந்தியா?" என்றார். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அம்மையாரைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் கிழங்கு மாவு கலந்து கெட்டியாக்கிவிடலாம், குச்சி நின்றால் வாங்கிக்கொள்வான் என்றேன். வியாபாரி வேறு என்ன சொல்வான்?

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "கெட்டியா இருந்தா நூல் மேல ஒட்டிக்கிட்டு நிக்கும், தறி அடிக்கறப்போ உதிரும். இது நூலுக்குள்ள போகும். கலந்தா அது என் மாவு இல்லண்ணே. மேஸ்திரி ஒரு பாவு ஓட்டட்டும். நூல் அறுந்தா மூட்டைய நானே தலைல தூக்கிட்டுப் போயிடறேன்."

மேஸ்திரிக்குச் சவால் பிடிக்கும். இந்தக் கஞ்சியில் தோய்த்து ஒரு பாவு ஓட்டினார். மறுநாள் அது தறியேறியபோது அம்மையார் தறிக்குப் பக்கத்திலேயே நின்றார்; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தறி ஓடியது. நூல் அறுந்து தறி நிற்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நிற்கவில்லை. மேஸ்திரி தறியைப் பார்க்கவில்லை, கீழே குனிந்தார். எந்தத் தறிக்கு அடியிலும் உதிர்ந்த மாவு வெள்ளையாகப் படிந்திருக்கும். இந்தத் தறிக்கு அடியில் விரலைத் தேய்த்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இன்னும் எவ்ளோ மாவு வச்சிக்கிறம்மா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் மூட்டை அந்த மில்லுக்குப் போகாத மாம்பழக் காலம் இல்லை. பாகூர், செலியமேடு, காட்டேரிக்குப்பம் பெண்களுக்கு, நடவு இல்லாத கோடையிலும் வேலை கிடைத்தது. தங்கை படித்து டீச்சரானார். ஊர் சிரித்த அதே வாசலில் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க யோசனை கேட்டு ஆட்கள் நின்றதை நான் பார்த்தேன். அவரோடு வியாபாரம் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கும் பெருமை, சொந்தக் கட்டடம் கட்டியபோதும் வந்ததில்லை.

அடக்கத்தன்று பெட்டியில் அம்மையார் தமது வெள்ளை நூல் புடவையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவரே எங்கள் மாவில் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தது என்று தங்கை சொன்னார். மடிப்பு கத்தி போல நின்றது. தடியூன்றி வந்த கோவிந்தசாமி மேஸ்திரி மாலை போட்டார். பிறகு பழக்கதோஷம், புடவை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, என் பக்கம் நீட்டினார்.

ஒன்றும் உதிரவில்லை.

போய் வாருங்கள் அம்மா. நாளைக்குக் கொட்டை வண்டி வருகிறது. உரல் கழுவித் தயாராக இருக்கிறது. இரும்பு எதுவும் உள்ளே இல்லை.