சாமிக்கு விட்ட சேவலின் முள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேருவில், கம்பம் என்று சொல்லும் கிராமத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது.

என் கணவருக்கு ரொம்ப நாளாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். அதற்கு முந்தைய வருடம்தான் வலது காலில் சுண்டுவிரலை எடுத்திருந்தார்கள். இதோடு நிற்கட்டும், இனிமேல் அவர் காலில் கத்தி படக்கூடாது, உனக்கு ஒரு சேவல் தருகிறேன் என்று முனியாண்டி சாமியிடம் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கோழிகள் வளர்க்கிறேன். அதில் செக்கச்செவேல் என்றிருந்த ஒரு குஞ்சை அப்போதே சாமிக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

அதைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தான். மற்றக் கோழிகளுக்குத் தரையில் தீனி, அதற்கு மட்டும் என் கையில். வளர்ந்த பிறகு அதற்கு யாரைக் கண்டும் பயமில்லை. முதலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைத் துரத்தியது. அப்புறம் என்னையே. துணி காயப்போடப் போனால் பின்னாலிருந்து பாய்ந்து கெண்டைக்காலில் உதைக்கும். நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவேன். நான் ஓட ஓட அதற்குத் துணிச்சல் கூடியது. துடைப்பத்தால் ஒன்று போடலாமென்றால் சாமி சேவலாயிற்றே, கை வராது.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இந்தக் கூத்தையெல்லாம் வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழி வளர்த்துப் பழகியவர். சேவலுக்குக் காலின் பின்பக்கம் வளர்கிற முள் கத்தி மாதிரி ஆகிவிட்டது, அரத்தால் முனையைத் தேய்த்து மழுக்கிவிடலாம், அதற்கு வலிக்காது, தானே பிடித்துக்கொள்வதாக ஒருநாள் மலாயில் சொன்னார். நான் முடியவே முடியாது என்றுவிட்டேன். சாமிக்குக் கொடுப்பதில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன். கோவில் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பின்பக்கம் போகாதீர்கள் என்று என் கணவரிடம் சொல்லிவைத்ததோடு என் ஜாக்கிரதை முடிந்தது.

வீட்டில் எப்போதும் கைலியோடு இருக்கும் மனிதர், திடீரென்று ஒரு வாரமாக நீளக் கால்சட்டையில் நடமாடினார். கேட்டால் கொசு என்றார். நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரத்தில் போர்வை கேட்டார். நெற்றி கொதித்தது. என்னவோ தோன்றிக் கால்சட்டையைச் சுருட்டினேன். வலது கணுக்காலுக்கு மேலே கறுப்பாக ஒரு ஓட்டை. அதைச் சுற்றிப் பாதிக் கெண்டைக்கால் வரை சிவந்து வீங்கிப் பளபளத்தது.

"ஏங்க, இது எப்ப நடந்தது?"

"போன வாரம். கொய்யா பறிக்கப் போனேன், பாய்ஞ்சிருச்சு. வலிக்கவே இல்ல, விட்டுட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லலாம்ல?"

"சொன்னா நீ சாமி குத்தம்னு சாப்பிடாம கெடப்ப."

வலிக்காததுதான் ஆபத்து. அந்தக் காலில் உணர்ச்சி குறைந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அது எனக்கும் தெரியும், தெரிந்தும் ஒரு வாரமாகக் கால்சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மருத்துவமனையில் இருந்த டாக்டர் நம் தமிழ்ப் பெண், மகள் வயதுதான் இருக்கும். காயத்தைக் கழுவிவிட்டு, சிவப்பு முடிகிற இடத்தில் காலைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"ஆன்டி, டிரிப்ல மருந்து ஏத்துறோம். சிவப்பு இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்குச்சுன்னா பயமில்ல. தாண்டி மேல போச்சுன்னா, அங்கிள் உயிரக் காப்பாத்த கால எடுக்க வேண்டி வரலாம்."

அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் அந்தக் கோடு ஒன்றுதான். அன்று சாயந்திரம் சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனபோது, ஒரு பக்கத்தில் கொஞ்சம் தாண்டியிருப்பது போலத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். நர்ஸிடம் கேட்கப் பயம். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறிருச்சா?"

"இல்லங்க, அப்படியேதான் இருக்கு" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்து வீட்டுக்கு வந்து, கோழிகளுக்குத் தீனி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வழக்கம் போலச் சேவல் பாய்ந்து வந்தது. ஓடுவதற்கு என் உடம்பில் தெம்பில்லை. வாளியை முன்னால் பிடித்தபடி நின்றேன். வாளியை இரண்டு தடவை உதைத்துப் பார்த்துவிட்டு, அது பாட்டுக்கு நகர்ந்து தரையைக் கிளற ஆரம்பித்தது. இந்த ஒன்றைக் கண்டா இத்தனை நாள் ஓடினேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. ஒரு துண்டைப் போட்டுச் சேவலை மூடி, அக்குளில் இடுக்கிக்கொண்டார். அரத்தை நான் கேட்டு வாங்கி, கூர் போகும்வரை நானே தேய்த்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. சாமி, உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், அவர் காலை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன். சேவல் துள்ளக்கூட இல்லை. இரண்டு காலுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சாயந்திரம் மறுபடி வார்டுக்குப் போனேன். டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். சிவப்பு கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. "மருந்து கேக்குது ஆன்டி" என்றார். நான் குனிந்து அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, காலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திருவிழாவன்று சேவலைப் பூசாரியிடம் கொடுத்து, முள்ளைத் தேய்த்த குற்றத்தையும் பயந்து பயந்து சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு நல்லாருக்கு, காலு நல்லாருக்கு. அது போதும்மா. முள்ளயெல்லாம் யாரு பாக்குறா?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இப்போதெல்லாம் தினமும் என் கணவரின் காலை என் மடியில் எடுத்து வைத்து, பாதம், விரலிடுக்கு, கணுக்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இவர் கூச்சப்பட்டு இழுத்துக்கொள்வார், நான் விடமாட்டேன். இந்தக் காலுக்காக நேர்ந்துகொண்டு, சேவலின் முள்ளைக்கூடக் காப்பாற்றிய நான் இந்தக் காலை மட்டும் பார்க்காமல் விட்டேனே என்பது, ஒவ்வொரு நாளும் அந்தத் தழும்பைத் தொடும்போது சுருக்கென்று குத்துகிறது.