திங்கட்கிழமை 8.50க்கு இறங்கும் பிளைட்

"கொஞ்சம் மெதுவா போற பிளைட்டு இல்லியா நைனா?"

திருப்பதியில் டிக்கெட் ஆபீஸ் நடத்தும் இருபது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. கேட்டவர் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் சரோஜாம்மா. அவர் மகள் சான்பிரான்சிஸ்கோவில் நிறைமாதம். மருமகன் திங்கட்கிழமை வேலை விஷயமாக வெளியூர் கிளம்புகிறார், திரும்ப ஒரு வாரம் ஆகும். பெண் தனியாக இருப்பாள், அதற்குள் அம்மா போய்ச் சேர வேண்டும். தலைகீழாக நின்று சிங்கப்பூர் வழியாக ஒரு சீட் பிடித்திருந்தேன்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் முதல் பஞ்சாயத்து. சிங்கப்பூரில் திங்கள் காலை 9.10க்குக் கிளம்பி, அதே திங்கள் காலை 8.50க்கு அமெரிக்காவில் இறங்குவதாக அதில் இருந்தது. கிளம்புவதற்கு முன்னாடியே எப்படிப் போய்ச் சேரும், கம்ப்யூட்டர் தப்பாக அடித்துவிட்டது என்றார். பசிபிக் கடலுக்கு மேலே பதிமூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் பறக்க வேண்டும், நடுவில் தேதிக்கோடு வருகிறது, இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்று பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் தொண்டை வற்றப் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார்.

"திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம். எட்டு அம்பதுக்கு எறங்குனா ராகு காலத்துலதான அவ ஊட்டுக்குப் பொறப்படணும்? மொதப் பிரசவம் நைனா."

பத்து நிமிஷம்! உங்கள் பத்து நிமிஷத்துக்காக பிளைட் வானத்தில் வட்டம் போடாது என்று எரிந்து விழுந்தேன். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கென்ன வந்தது என்றும் சொன்னேன். அடுத்த சீட் வியாழக்கிழமைதான் இருந்தது. அதையே போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

குழந்தை புதன்கிழமையே பிறந்துவிட்டது. வலி வந்ததும் அந்தப் பெண் தானே டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ராத்திரி முழுக்க வலி. கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை.

சில மாதம் கழித்து ஊர் திரும்பிய சரோஜாம்மா, சாக்லேட் பாக்கெட்டோடு ஆபீசுக்கு வந்தார். முகத்தில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எறங்குன ஒடனே வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன். இமிக்ரேஷன்ல நின்னுகினு, பொட்டிக்கு நின்னுகினு, வெளிய காலு வைக்கவே ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சி. இத அன்னிக்கே நீ சொல்லியிருந்தா, திங்கக்கெழமயே போயிருப்பேனே நைனா."

எனக்குத் தெரியாத விஷயமா அது? கனெக்டிங் டிக்கெட் போடும்போதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுத்தான் போடுகிறேன். கடலையும் தேதிக்கோட்டையும் படம் போட்டுக் காட்டியவனுக்கு, "நீங்க வெளிய வர்றப்போ பத்தரைக்கு மேல ஆயிடும்மா" என்று ஒரு வரி சொல்லத் தோன்றவில்லை. அவர் பயத்தை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது என் ஆபீசில் ஒவ்வொரு டிக்கெட்டிலும், இறங்கும் நேரத்துக்குக் கீழே வெளியே வரும் நேரத்தையும் பேனாவால் எழுதித் தருகிறோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். ராகு காலத்துக்கு என்பேன். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே எழுதினாலும் பரவாயில்லை, எழுதாமல் மட்டும் விடக்கூடாது.