ஒற்றை விசில்

என் ஸ்கூட்டர் சாவியோடு ஒரு பித்தளை விசில் தொங்குகிறது. கண்டக்டர் ஊதுகிற விசில்தான். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு, கடைசி நாள் ட்யூட்டியில் அவருடைய கண்டக்டர் கழற்றிக் கொடுத்தது. அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அத்தை மகன், சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. மனுஷன் வாழ்க்கையில் வேறு எந்தச் சட்டத்துக்கும் இப்படிக் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பில் குக்கர் இரண்டு தடவை கத்தினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரின் வலது கால் தானாக முன்னே போகும். "ரைட் குடுத்துட்டாங்க பாவா, கெளம்பு" என்று நான் சிரிப்பேன். அவருக்குக் கோபம் வரும். ஆனாலும் அடுத்த தடவையும் கால் போகும்.

வருஷா வருஷம் எடுக்கிற பரிசோதனையில்தான் கண் விஷயம் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப்பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பஸ் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். பைக்கைப் பற்றி இவர் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. வேலையை விட்டு வந்தவர் வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார். அப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள், ரொம்ப வருஷத்துக்கு முன்னால் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டு ஏரிக்குப் போன கதையைச் சொன்னார். எல்லாரும் இறங்கிப் பூநாரை பார்த்தார்களாம். இவருக்கு பஸ்ஸைத் திருப்பி நிறுத்தவே நேரம் சரியாக இருந்ததாம். "ஒரு தபாவாவது நின்னு பாக்கணும் மே" என்றார். பூநாரை தங்கியிருக்கிற தை மாதம் முடிவதற்குள், கண்ணில் மிச்சம் இருக்கும்போதே, இவருக்கு அந்தப் பறவையைக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விடியற்காலையில் அவர் பைக்கில் கிளம்பினோம். புளிசோறும் தண்ணீரும் வைத்த பெரிய பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக் கட்டினார். நகரி தாண்டி, புத்தூரைத் தாண்டி, நாகலாபுரம் மலையை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கரும்பு, பனி இன்னும் விலகவில்லை. நிறுத்திப் பார்க்கலாம் என்றால் மனுஷன் நிறுத்தினால்தானே! டீக்கடையில் கொதிக்கிற டீயை இரண்டே மடக்கில் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சி நிமிஷம் ஆச்சி. நின்னா டைம் போயிடும்." யாருக்கு டைம், எந்த டிப்போவுக்கு என்று கேட்டேன். வண்டியைக் கிளப்பினார். வரதய்யபாளையத்துப் பக்கத்தில் அருவிக்கு ஏறினோம். வழுக்குப் பாறையில் கயிறு கட்டியிருந்தார்கள். நான் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அருவி விழுகிற குளத்தில் கால் வைக்கிற நேரம், "பாத்தாச்சி இல்ல, எறங்கலாமா?" என்கிறார். அட கடவுளே, இந்த ஆளோடு எந்தப் பறவையை நின்று பார்ப்பது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இறங்கும்போது ஒன்று நடந்தது. புதரிலிருந்து ஒரு உடும்பு, என் கை நீளம் இருக்கும், இவருடைய இடது காலுக்கு ஒரு அடி தள்ளி ஓடி மறைந்தது. நான் அலறினேன். இவர் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். "இன்னா மே?" என்றார். உடும்பு என்றேன். "ஆங், பாத்தேன் பாத்தேன்" என்றார். பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அங்கேயே கேட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் பின்சீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் அவர் சட்டையைப் பிடித்தேன்.

ஏரிக்கு நடுவே போகிற சாலைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர், தூரத்தில் வெளுத்த சிவப்பில் ஒரு கோடு. "அதோ பாவா!" என்று நிறுத்தச் சொல்லி நான் குதித்து இறங்கினேன். இவர் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா மகனிடம் வாங்கி வந்த பைனாகுலரை நான் திருகிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு கார் நின்றிருந்தது. சாலையில் வண்டி நிற்கக் கூடாது என்று காவலுக்கு இருந்தவர் அந்தக் காரைப் பார்த்து விசில் ஊதினார். ஒன்று, இரண்டு. அவ்வளவுதான். பாவா கியரைப் போட்டார், போய்விட்டார்.

நான் கத்தினேன். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, என்ன கேட்கும்? காவலுக்கு இருந்தவர் என்னைப் பார்த்துத் தெலுங்கில் அனுதாபமாக ஏதோ சொன்னார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா கூட்டம் எழும்ப வேண்டும்? நூற்றுக்கணக்கான பூநாரைகள் தண்ணீரில் ஓடி, இறக்கையை விரித்தன. உள்ளே அப்படி ஒரு சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. யாருக்காக இவ்வளவு தூரம் வந்தேனோ அந்த மனுஷன் இல்லாமல் நான் ஒருத்தி பார்த்தேன். பாதி மனசு பறவையில், பாதி மனசு இடது பக்கம் தெரியாத ஆள் ஓட்டிப் போன அந்த பைக்கில். அது எங்கே போய் முட்டுகிறதோ என்று சாலையை எட்டி எட்டிப் பார்த்தேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "பேசிகினே போறேன், நீ பதிலே சொல்லல." நான் வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். கட்டின பொண்டாட்டியை நடு ஏரியில் விட்டுவிட்டுப் போகிற ஆளை எங்கே பார்த்திருக்கிறோம் என்றேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ரெட்ட விசில் கேட்டுச்சி. பழக்கம், லெஃப்ட்ல பாத்தேன், படியில யாராவது நிக்கிறாங்களான்னு. யாரும் இல்ல. முதுகுல பை இடிச்சிகினு இருந்துச்சி, நீதான்னு நெனச்சிட்டேன்."

நான் அவருடைய இடது பக்கத்தில்தான், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

"எத்தினி நாளா பாவா?"

"போன ஆடிலேர்ந்து. சொன்னா சாவியப் புடுங்கிப்பே."

பிடுங்கினேன். வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, அப்போது அதில் தொங்கிய விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு தடவை ஊதினேன். "ஒத்த விசில். எறங்கு. நில்லு." இறங்கினார். வண்டியை ஓரமாகத் தள்ளினோம். பறவைகள் தூரத்தில் மறுபடி இறங்கியிருந்தன. அவர் தலையை முழுசாக இடதுபக்கம் திருப்பித் திருப்பி, பைனாகுலரில் தேடினார். ரொம்ப நேரம் கழித்து, "ஆங்... மண்ணக் கிண்டுது மே, தலகீழா வாய வெச்சிகினு" என்றார். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரே பார்த்தார். பின்னால் காவலுக்கு இருந்தவர் இன்னொரு வண்டிக்கு இரண்டு விசில் கொடுத்தார். பாவாவின் வலது கால் அசைந்தது. ஆள் நகரவில்லை. புளிசோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டோம். எனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது; திரும்பும்போது இடது பக்கம் வருவதையெல்லாம் நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஓட்டிய கடைசி வண்டி அது.

இப்போது நான் ஓட்டுகிறேன், அவர் பின்னால். இடது கண் சுத்தமாகப் போய்விட்டது, வலதில் ஒரு ஜன்னல் அளவு மிச்சம். அவர் ஏறி உட்கார்ந்து வாயாலேயே இரண்டு விசில் அடித்தால்தான் நான் கிளம்புவேன். நேற்று கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி, கே.ஜி.கண்டிகை தாண்டி ஏரிக்கரை. முதுகுக்குப் பின்னால் ஒற்றை விசில் கேட்டது. நிறுத்தினேன்.

"இன்னா பாவா? டோக்கன் போயிடும், டைம் ஆவுது."

"கொக்கு கத்துது" என்றார். "செத்த நில்லு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் இறங்கி, கரைப்பக்கம் தலையை முழுசாகத் திருப்பினார். நான் வண்டியை அணைத்தேன்.