இரண்டு டேங்குகளுக்கு நடுவே

லாட்ஜ் முதலாளி, எங்கள் சாயங்காலத்தைக் கெடுத்தது நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

தம்பானூரில் உங்கள் லாட்ஜுக்கு பெட்ஷீட் துவைக்க நான் வந்தபோது மொட்டை மாடி சும்மா கிடந்தது. கொடி கட்டிக் காயப்போட்டது நான். என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில், ஒரு அரிசி மண்டியில் ராத்திரிக் காவல். நான் வீடு திரும்பும்போது அவர் இருக்க மாட்டார். அவர் காலையில் வரும்போது நான் கிளம்பியிருப்பேன். கல்யாணம் பண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத பிழைப்பு. அதனால் வேலைக்குப் போகிற வழியில் அவர் மாடிக்கு வருவார். டபுள் பெட்ஷீட்டை ஒற்றை ஆளாக மடித்தால் தரையில் புரளும். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்போம். விரலில் விரல் படும். அடுத்த ஷீட்டுக்கு மறுபடி விலகிப் போவோம்.

அவர் முதுகுக்குப் பின்னால் மேற்கு. ரோட்டுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தின் உச்சியில் இரண்டு கறுப்புத் தண்ணீர் டேங்குகள். முதல் வருஷம், மாசியில் அம்மன் கோயில் பொங்காலைக்குப் பொங்கலிட வந்த பெண்களால் லாட்ஜ் நிறைந்து ஷீட் குவிந்து கிடந்த ஒரு நாள், சூரியன் சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் இறங்கியது. "திரும்பிப் பாருங்க" என்றேன். பார்த்தவர் கையிலிருந்த ஷீட்டைக் கீழே விட்டுவிட்டார். அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை.

அந்த வாரமே சூரியன் வலது டேங்குக்குப் பின்னால் போய்விட்டது.

"ஏட்டி, டேங்க நகத்திட்டானுவ, பாத்தியா!"

"டேங்குக்கு என்ன சக்கரமா இருக்கு? முனையப் பிடிங்க."

அவர் விடவில்லை. இறங்கிப் போய் அந்தக் கட்டடத்துக் காவலாளியிடமே கேட்டார். "சேட்டா, டேங்கினு காலுண்டோ?" என்றானாம். திரும்பி வந்து அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

பிறகு வருஷம் முழுக்கப் பார்த்தோம். மழைக்காலத்தில், மேகம் விட்டால், வலது ஓரத்துத் தென்னைகளுக்குள் விழும். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கும்போது இடது கோடியில், செல்போன் டவரை ஒட்டி. அங்கிருந்து திரும்பும்.

"வாராம்ட்டி, நம்ம டேங்குக்கு வாரான்" என்பார், ஊரிலிருந்து தம்பி வருகிற மாதிரி.

"வரட்டும். வந்தா ரெண்டு ஷீட்டு மடிக்கச் சொல்லுங்க."

போன மழை முடிந்ததும் மாடியில் நகைக்கடை விளம்பரப் பலகையை நிறுத்தினீர்கள். ரோட்டுக்கு அதன் முகம், எங்களுக்கு அதன் தகர முதுகு. மேற்கு முழுக்க அடைபட்டது. அப்புறம் கரண்ட் வயர் இருக்கிறது என்று கதவையும் பூட்டினீர்கள். சாவி கேட்டேன்.

"சேச்சி, மெஷின் வாங்கித் தந்நில்லே? இனி டெரஸில எந்து காரியம்?" என்றீர்கள். மெஷின் வந்தபின் மாடியில் எனக்கு என்ன வேலையாம்.

நல்ல மெஷின்தான். ஷீட் காய்ந்தே வருகிறது. ஆனால் அது இருக்கிற கீழ் அறைக்கு வெளியாள் வரக்கூடாதாம். என் வீட்டுக்காரர் இப்போது கேட்டில் நிற்கிறார். நான் ஓடிப்போய் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதற்குள், "மாறி நில்லு சேட்டா, வண்டி வருது" என்கிறான் உங்கள் செக்யூரிட்டி. அவரும் "சரிட்டி" என்று நடந்துவிடுகிறார்.

பொங்காலை நெருங்குகிறது. நேற்று அவர் கேட்டார்: "நடுவுல வந்துட்டானாட்டி?"

தெரியவில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பொங்காலைக் கூட்டம் வருமுன் எங்களையெல்லாம் ஹாலில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பீர்களே, அன்றைக்குச் சொல்லுங்கள். அந்தப் பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, சாயங்காலம் கால் மணி நேரம் கதவைத் திறந்துவிட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? என்னைத் தனியாக ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட வேண்டாம். சமையல்காரர், ரூம்பாய், செக்யூரிட்டி, எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள்.