லண்டனா, லோக்கலா

இலங்கை மலைநாட்டுப் பொல்பிட்டியவில் ஷிராணியைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாமலே படித்த பிள்ளை. பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிற பிள்ளை. இரண்டாவதால்தான் முதலாவது வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

2018 ஜனவரியில் அவளுடைய அப்பா அமிர்தநாதனுக்கு நீர்மின் நிலையத்தில் வேலை கிடைத்து, குடும்பம் கொட்டகலையிலிருந்து இங்கே வந்தது. ஷிராணிக்கு அப்போது ஆறாம் வகுப்பு. கிட்ட இருந்தவை சிங்களப் பள்ளிக்கூடங்கள். தமிழில் படிக்க ஹட்டன் பஸ் ஏற வேண்டும். கினிகத்தேனை தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மலை ஏறும். ஷிராணியின் வயிறும் கூடவே ஏறும். ஒரு நாள் மூத்த மாணவி ஒருத்தியின் வெள்ளைச் சீருடை நாசமானது. இன்னொரு நாள் யாரோ ஆசையாக வாங்கிப்போன ரொட்டிப் பார்சல். மூன்றாம் வாரம் பஸ் முழுக்க அவளுக்குப் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

முதல் தவணை முடியுமுன்பே அம்மா சிசிலி அவளை நிறுத்திவிட்டாள். சிசிலி உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவள்.

"நானே சொல்லிக் குடுத்துப் பாக்குறேன்" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் சிக்கல் வரவில்லை. அத்தை லூர்தம்மா அப்போது கொட்டகலையில் இருந்தாள். அவள் வீட்டில் தங்கினால் ஹட்டனுக்கு ரயிலில் ஒரே ஸ்டேஷன். ரயில் ஷிராணியை ஒன்றும் செய்யாது. தனியார் பரீட்சார்த்தியாக எழுதி எல்லாப் பாடமும் நன்றாகவே தேறினாள். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரம், அதாவது ஏ.எல்., வருவதற்குள் அத்தை மகனோடு கொழும்புக்குப் பக்கத்து வத்தளைக்குப் போய்விட்டாள். ஹட்டன் பக்கம் தங்க வேறு வீடு இல்லை.

அப்போதுதான் கனடாவிலிருந்து சிசிலியின் தம்பி ஜீவராஜ் பேசினார்.

"லண்டன் ஏ.எல். எழுதட்டும் அக்கா. சோதனை கொழும்புல. வத்தளையில போய் இருந்தா ஒரே பயணம், ஒரே வாந்தி. பொறவு படிக்க நான் இங்க எடுத்துக்கிறேன்."

"ப்ளேன்லயும் எடுப்பாளே மச்சான்" என்றார் அமிர்தநாதன்.

"ப்ளேன்ல அதுக்குன்னே பை வச்சிருக்காங்க. மருமகளே, மின்சாரம்னா உனக்கு உசிரு தானே? நயாகராவுலயே வேலை வாங்கித் தாறேன்."

ஷிராணி சிரித்தாள். மின்சாரம் உயிர்தான். ஆனால் அவள் ஆசை நயாகராவில் இல்லை. அப்பாவின் வேலைத்தலத்தில் எது மக்கர் பண்ணினாலும் அப்பா முதல் எல்லாரும் ஒரே வாக்கியம் சொல்வார்கள்: "இன்ஜினியர் மாத்தயாவைக் கேக்கணும்." ஒரு நாள் அந்தக் கேள்வியோடு தன்னைத் தேடி ஆட்கள் வரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நினைப்பு. அதற்கு வழி பேராதனைப் பல்கலைக்கழகம். பேராதனைக்கு லோக்கல் உயர்தரம் வேண்டும். நுவரெலியா மாவட்டத்துக்குத் தனியாக, குறைந்த வெட்டுப்புள்ளி இருப்பதால் முயன்றால் எட்டும். லண்டன் பரீட்சை எழுதினால் அந்தக் கதவு திறக்காது. பாடத்திட்டமும் மொழியும் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் படிக்கவும் முடியாது.

ஆனால் லோக்கல் என்றால் மூன்று வாரத்துக்கு மேல் விட்டு விட்டு நடக்கும். ஒவ்வொரு தாளுக்கும் விடியற்காலை ஹட்டன் பஸ்.

"ஒன் வயித்தை வச்சிக்கிட்டு லோக்கல் சரிப்படாது மகள்" என்றாள் சிசிலி. "மண்டபத்துல தலை சுத்தி விழுந்துட்டா எட்டு வருசமும் போச்சு."

பக்கத்து வீட்டுக் குமாரி அக்கா புளிப்புக்குக் கொறுக்காய்த் துண்டு கொண்டுவந்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டராக ஓடும் பெரியம்மா மகன் கிஷாந்த், பேப்பரை விரித்து அதன்மேல் உட்காரச் சொன்னான்.

"எந்தப் பேப்பர்ண்ணே? கணக்குப் பேப்பரா?" என்று கேட்டாள் ஷிராணி. அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எல்லாரும் என் வயித்தைப் பத்தியே பேசுறீங்க. நான் படிச்சதைப் பத்தி ஒருத்தரும் பேசல. ஒரு நாள் போய்ப் பாப்போம்மா. பஸ்ல போய் எறங்கி, பழைய பேப்பர் ஒண்ணை நேரம் வச்சு எழுதுறேன். எழுத முடியலைன்னா லண்டன்."

விண்ணப்பம் அனுப்பும் தவணை முடிய ஒரு வாரம் இருக்கையில், சனிக்கிழமை, அம்மாவும் மகளும் கிஷாந்தின் பஸ்ஸில் ஏறினார்கள். கொறுக்காய் வாயில் இருந்தது, பேப்பர் ஆசனத்தில் இருந்தது. கினிகத்தேனை தாண்டியதும் முதல் பிளாஸ்டிக் சிலிசிலி பை நிறைந்தது. வட்டவளைக்குக் கிட்ட இரண்டாவது.

"தங்கச்சி, முன் சீட்டுக்காரங்க ஒனக்காக சாமிகிட்ட வேண்டிக்கிட்டு வாறாங்க" என்றான் கிஷாந்த், டிக்கட் கிழித்துக்கொண்டே.

"அவங்க சட்டைக்காக வேண்டுறாங்க" என்றாள் ஷிராணி, பைக்குள்ளிருந்து முகத்தை எடுக்காமல்.

ஹட்டனில் இறங்கியபோது உதடு வெளுத்திருந்தது. முகம் கழுவினாள், இஞ்சி போட்ட பிளேன்டி குடித்தாள். கோயில் வளவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. சிசிலி இணைந்த கணிதத் தாளை அவள் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள், விழுந்தால் பிடிப்பதற்கு வாகாக.

ஷிராணி முதல் கேள்வியை இரண்டு தரம் வாசித்தாள். எழுத்து கொஞ்சம் ஆடியது. மூன்றாம் கேள்வியில் ஆட்டம் நின்றது. ஐந்தாம் கேள்விக்கு வந்தபோது பஸ் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. பூசைக்கு வந்தவர்கள் கடந்து போனார்கள், ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார், அவள் நிமிரவில்லை. சிசிலிதான் இருக்க முடியாமல் எழுந்து நடந்தாள்.

நேரம் முடிந்ததும் தாளை வாங்கிச் சிவப்புப் பேனாவால் திருத்தத் தொடங்கினாள். பக்கம் பக்கமாகச் சரி விழுந்தது. ஏழாம் கேள்வியில் ஒரு கழித்தல் குறிமேல் பேனா நின்றது.

"இதைப் பாரு. சக போட வேண்டிய எடத்துல சய போட்டிருக்க."

ஷிராணி முந்திக்கொண்டாள். "தலை சுத்தி அப்படிப் போட்டுட்டேன்னு சொல்லப்போறீங்களா?"

சிசிலி தாளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"தலை சுத்துனதுல வந்ததுன்னா நான் விட்டுருவேன். இது ஆறாம் வகுப்புலயிருந்து நீ போடுற அதே பிழை. அவசரம்."

"அப்ப லோக்கலா அம்மா?"

"தூரப் பயணம் போற மாதிரி பை நெறைய எடுத்து வைக்கணும்" என்றாள் சிசிலி. "வாந்தி எடுக்கிறதை எடு. மண்டபத்துக்குள்ளயா பஸ் வரப்போகுது."

திரும்பும் வழியிலும் வாந்தி எடுத்தாள். அன்று மாலை சோர்வோடு படுத்துக்கொண்டே போனில் விண்ணப்பத்தை நிரப்பினாள்: மொழி தமிழ், நகரம் ஹட்டன். அனுப்பிவிட்டு மாமாவை அழைத்தாள்.

"லோக்கல்தான் மாமா."

"அப்ப நயாகரா?"

"தண்ணி இங்கயும் மேலயிருந்து கீழதான் விழுது மாமா" என்றாள் ஷிராணி. "நீங்க லீவுக்கு வாங்க, காட்டுறேன்."