கஃபனோடு ஏறிய ரயில்

ஹாஜிராவுக்கு உழவர்கரையில் வீடு. புருஷன் அன்வருதீன் மில் மூடின பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஹாஜிரா வேலை என்று எங்கேயும் போகிறவள் இல்லை. ஆனால் புதுச்சேரி டவுனில் எந்த முஸ்லிம் வீட்டிலாவது ஒரு பெண் மவுத்தாகிவிட்டால், முதலில் பள்ளிவாசலுக்குச் சொல்வார்கள். அடுத்து ஹாஜிராவுக்குச் சொல்வார்கள். பெண் மையத்தை, அதாவது உயிர் போன உடலைக் குளிப்பாட்டி, கஃபன் என்கிற வெள்ளைத் துணி போர்த்தி, சந்தூக் பெட்டியில் வைத்து அனுப்புவது அவள் கை.

அவள் மையத்தோடு பேசுவாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, கொஞ்சம் திரும்பும்மா, தண்ணி வெதுவெதுப்பாத்தான் இருக்கு, பயப்படாதே என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இலந்தை இலை போட்ட தண்ணீரை ஊற்றுவாள். வீட்டார் எது கேட்டாலும் சரி என்பாள். ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். மையத்தைக் காக்க வைக்கக் கூடாது.

ஒரு தடவை டவுனில் ஒரு வீட்டில், பாரீசில் இருக்கிற மகன் வந்து சேரும்வரை அம்மாவை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டான். டிக்கெட் எடுத்துவிட்டேன், மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவேன் என்று போனில் முகம் காட்டி அழுதான். யாருக்கும் அவனிடம் எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. ஹாஜிராதான் போனை வாங்கினாள். "தம்பி, உங்கம்மா பொறப்பட்டு நிக்கிறாங்க. பொறப்பட்டவங்கள வாசல்ல நிறுத்தி வைக்கலாமா? நீ அங்கேருந்தே துஆ கேளு, அல்லா சேத்து வைப்பான்" என்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் எடுத்துடுங்க என்றான். கல் நெஞ்சுக்காரி என்று அந்தத் தெருவில் நாலு பேர் சொன்னார்கள்.

அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க எப்போதும் உடன் வந்தவள் இஃப்ஃபத். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். ஒரே மகன் முஆஸ். வாய்த் துடுக்கு அதிகம். மையத்து வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில், ஹாஜிரா மனசு கனத்து நடக்கும்போதெல்லாம், "நீ தண்ணி ஊத்துற சொகத்துல மையத்து எழுந்து இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துடின்னு கேக்கப்போவுது பாரு" என்பாள். இரண்டு பேரும் ஆட்டோவில் அமர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

முஆஸுக்குச் சென்னையில் வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆனதும் இஃப்ஃபத் அவனோடு போய்விட்டாள். போவதற்கு முந்தின நாள் ஒரு துணிப் பையைக் கொண்டுவந்து ஹாஜிராவிடம் கொடுத்தாள். உம்ரா யாத்திரை போனபோது மக்காவில் புனித ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த கஃபன் துணி அது.

"ஏன், உன் மருமக பீரோல எடம் இல்லியா?" என்று கேட்டாள் ஹாஜிரா.

"எடமெல்லாம் இருக்கு. அங்க வச்சா அவங்களே எடுத்துச் சுத்தி அனுப்பிடுவாங்க. உங்கிட்ட இருந்தாத்தான் நீ வருவே. எங்க இருந்தாலும் வரணும்டி. ஒங்கையாலதான் நான் போவணும்."

ஹாஜிரா வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலை, சுபுஹு தொழுத பாயில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே முஆஸின் போன் வந்தது. உம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்கள் மாமி என்றான். மதியம் லுஹருக்கு எடுப்பதாக இருந்தார்களாம். நீங்கள் வருவதற்காகச் சாயங்காலம் அஸருக்குத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று அவனாகவே சொன்னான்.

அன்வருதீன் நைட் ஷிப்டு முடிந்து இன்னும் வரவில்லை. அவருக்குப் போனில் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, பூட்டின வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கமலவேணியிடம் கொடுத்துவிட்டு ஹாஜிரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பையில் கஃபன் துணி, பஞ்சு, ஒரு பொட்டலம் கற்பூரம், அத்தர். பையை இடுப்புக்குக் கீழே இறக்கவே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், மடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

திண்டிவனம் தாண்டியதுமே வண்டிகள் ஊர்ந்தன. செங்கல்பட்டுக்கு முன்னால் சாலையில் தண்ணீர் ஓடியது. பஸ் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. அங்கேதான் முஆஸ் இரண்டாவது தடவை கூப்பிட்டான். அவர்கள் வட்டார மஹல்லாவில் குளிப்பாட்டுகிற அம்மா வந்து காத்திருக்கிறார்களாம். அவர்களுக்கு வேறு ஒரு மையத்தும் இருக்கிறதாம். என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

ஹாஜிரா ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள். மழைதான் தெரிந்தது. வாக்குக் கொடுத்த கை மடியில் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. குளிப்பாட்டச் சொல்லு, அவங்களும் அல்லாவுக்காகச் செய்யிறவங்கதான் என்றாள். அப்படியானால் துணி மட்டும் வரட்டும், கஃபனிடாமல் வைத்திருக்கிறோம் என்றான் முஆஸ். சாலையெல்லாம் தண்ணீர், ஆட்டோ கார் எதையும் நம்பாதீர்கள், ஏர்போர்ட்டுக்கு வந்து மேலே ஓடுகிற மெட்ரோவில் ஏறிவிடுங்கள் என்றும் சொன்னான்.

குளிப்பாட்டுவது போய்விட்டது. இனி இந்தத் துணியையாவது கொண்டு சேர்க்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள். கிளாம்பாக்கத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, நனைந்தபடி ஏர்போர்ட் ஸ்டேஷன் படியேறினாள்.

மேலே போனதும் பையை ஒரு சோதனைப் பெட்டிக்குள் தள்ளச் சொன்னார்கள். எல்லோருடைய செருப்புக் காலும் பட்ட பைகள் போகிற ரப்பர் பட்டையில் அதை வைக்க அவளுக்குக் கை வரவில்லை. காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி அருகில் வந்தாள். நெஞ்சில் கலைமகள் என்று பெயர் எழுதியிருந்தது. உள்ளே என்னக்கா என்று கேட்டாள்.

"மையத்துத் துணிம்மா. எங்கூட்டாளி மவுத்தாயிட்டா. அவளுக்குப் போத்தறது."

கலைமகள் பையைக் கையிலேயே வாங்கினாள். திறந்து பார்த்துவிட்டு, துணியைத் தொடாமல் கற்பூரப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக் காட்டி, இது தீப்பிடிக்கிற சாமான், உள்ளே விட மாட்டாங்க என்றாள். ஹாஜிரா நீயே வச்சுக்கம்மா என்றாள். சாமி கிட்ட ஏத்திடறேன்க்கா, உங்க கூட்டாளி பேருக்கு என்று கலைமகள் சொன்னாள். ஹாஜிரா அந்தப் பெண்ணின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு நகர்ந்தாள். ஆலந்தூரில் இறங்கி, இன்னொரு மாடி ஏறி, கோயம்பேடு பக்கம் போகிற வண்டி பிடிக்க வேண்டும் என்று கலைமகள் கூடவே வந்து சொல்லி, ரயிலில் ஏற்றிவிட்டாள்.

அங்கிருந்தே புறப்படுகிற வண்டி என்பதால் உட்கார இடம் கிடைத்தது. ரயில் சத்தமே இல்லாமல் கிளம்பி, வீடுகளுக்கு மேலே ஓடியது. கீழே பஸ்கள் சக்கரம் மூழ்க நின்றுகொண்டிருந்தன. மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் எடுக்க மறந்த துணிகளும் நனைந்தன. இஃப்ஃபத் போனில் இதைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பொழுது போகவில்லையென்றால் ஏறிக் கடைசிவரை போய்விட்டு வருவாளாம். "ஊரு பூரா மொட்டை மாடிதான்டி. எவ வீட்டுல என்ன காயிதுன்னு எனக்கு அத்துப்படி" என்பாள். அதை நினைத்ததும் ஹாஜிராவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு முட்டியது. முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

ஆலந்தூரில் மாடி ஏறினாள். அங்கே நிற்க இடமில்லை. சாலை மூழ்கியதால் ஊரே மேலே ஏறி வந்துவிட்ட மாதிரி இருந்தது. முதல் ரயில் வந்தபோது கதவோரத்தில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் அழுந்தி நின்றார்கள். சொட்டுகிற குடை, சேறு படிந்த பை, கால், தோள். ஸம்ஸமில் நனைத்த துணியை இதற்குள் எப்படித் திணிப்பது? அடுத்த வண்டியில் போகலாம் என்று ஒதுங்கி நின்றாள். அடுத்ததும் அப்படித்தான் வந்தது. அதையும் விட்டாள். அதற்கடுத்ததையும் விட்டாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூணோரமாக நின்று, ஒரு காலி வண்டியை அனுப்பு ரப்பே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் நின்ற ஒரு நர்ஸ் பெண் அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. தன் வண்டி வந்ததும் ஏறப்போனவள், திரும்பி, "அக்கா, இன்னிக்குக் காலி வண்டி வராதுக்கா. ராத்திரி வரைக்கும் நின்னாலும் இப்படித்தான்" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அந்த வார்த்தை ஹாஜிராவைச் சுட்டது. இத்தனை வண்டியை விட்டது யாருக்காக? அங்கே ஒருத்தி குளித்து முடித்துப் போர்த்தத் துணியில்லாமல் கிடக்கிறாள். இங்கே துணி கசங்காமல் இருக்கிறது. பாரீசுக்காரனாவது பெற்றவள் முகத்தைப் பார்க்கக் காக்கச் சொன்னான். நான் வெறும் துணிக்காகக் காக்க வைத்துவிட்டேனே என்று நினைத்தாள். சீக்கிரம் எடுப்பது கடமை. ஸம்ஸம் துணி ஆசை. அவள் எல்லா வீட்டிலும் பிரித்துச் சொன்னது இதைத்தானே.

போனை எடுத்தாள்.

"முஆஸ், அங்க பள்ளிவாசல்ல கஃபன் துணி இருக்கும்ல?"

"இருக்கு மாமி. ஆனா உம்மாவோடது உங்ககிட்ட இல்ல இருக்கு? மையவாடியில கபர்க் குழியில தண்ணி ஊறுதுன்னு அவசரப்படுத்துறாங்க. பரவால்ல, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

"பாக்க வேணாம். இருக்கற துணியைப் போட்டு எடுத்துடுங்க."

"நெசமாத்தான் சொல்றீங்களா மாமி? உம்மா அவ்வளவு ஆசையா..."

"தெரியும்ப்பா. ஒங்க உம்மா மறுமையில என்னை ஏசுனா நான் வாங்கிக்கறேன். நீ எடு."

அந்தப் பக்கம் முஆஸ் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சரி மாமி என்றான்.

அதற்குப் பிறகு அவள் ஒதுங்கி நிற்கவில்லை. ஆனால் இப்போது ஏற நினைத்தும் ஏற முடியவில்லை. கதவு அவள் முகத்துக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது. கடைசியில் உள்ளே இருந்த ஒரு அம்மா கையை நீட்டி அவளை இழுத்துக்கொண்டாள். பை எல்லோருடைய தோளுக்கும் நடுவில் நசுங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டே வந்தது.

வடபழனி தாண்டி, முஆஸ் சொன்ன நிலையத்தில் இறங்கினாள். மழை தூறலாகிவிட்டிருந்தது. கூட்டம் படியிறங்கிப் போனதும் பிளாட்பாரத்தின் கம்பித் தடுப்புப் பக்கமாக வெளியே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே, சுவருக்கு அப்பால், மரங்களுக்கு நடுவில் ஒரு மையவாடி. வெள்ளைத் தொப்பிகளும் குடைகளுமாக ஆண்கள். சுவரோரமாகக் காலிச் சந்தூக் இறக்கி வைத்திருந்தது. முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக் குனிந்து நின்றவன் முஆஸ்தான். அந்த முதுகு அவள் தூக்கி வளர்த்த முதுகு.

எத்தனையோ பேரை வாசல்வரை கொண்டுவந்து விட்டவள் ஹாஜிரா. வாசலுக்கு அப்புறம் ஆண்களுடைய வேலை. சந்தூக் தெரு முனை திரும்பினால் பெண்கள் உள்ளே வந்துவிடுவார்கள். தான் அனுப்பியவர்களை எப்படி வைக்கிறார்கள் என்று அவள் ஒரு நாளும் கண்டதில்லை. இப்போது மேலே நின்று கண்டாள்.

குழிக்குள் இரண்டு பேர் இறங்கி நின்றார்கள். ஒருவர் குழியில் ஊறிய தண்ணீரை வாளியில் மொண்டு கொடுக்க, மேலே நின்றவர் வாங்கி வெளியே ஊற்றினார். வாளி மேலே வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது. பிறகு யாரோ தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள். கை கைகளாக மாறி, ஒரு வெள்ளை உருவம் இறங்கியது. அந்த உயரத்திலிருந்து அது எந்தத் துணி என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு மெதுவாக வைத்தார்கள். தலையைத் தாங்கின கை கடைசிவரை விடவில்லை. ஆம்பளைங்களும் இப்படி வைப்பாங்களா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

பலகை வைத்தார்கள். மண் தள்ளினார்கள். அவளுக்குப் பின்னால் ரயில்கள் வந்தன, போயின. அவள் கம்பியைப் பிடித்தபடி, கடைசி ஆள் துஆ முடித்துக் கையை முகத்தில் தடவும்வரை நின்று, தானும் தடவிக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டில் முஆஸின் பெண்டாட்டி லமீஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நேரத்தோடு வந்திருந்தால் முகமாவது பார்த்திருக்கலாமே மாமி என்றாள். ஹாஜிரா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பையில் இருந்த துணியை என்ன செய்வது என்று லமீஸ் கேட்டதற்கு, எங்க ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளில்லாத மையத்து எப்பவாவது வரும், அதுக்குப் போடுறேன், நன்மை உன் மாமியாளுக்குப் போய்ச் சேரும் என்றாள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் முஆஸின் வாயையே பார்த்தார்கள். காலையிலிருந்து எல்லோர் நெஞ்சிலும் அடைத்துக்கொண்டிருந்த கேள்வியை லமீஸ்தான் கேட்டாள். கபரில் தண்ணீர் இருந்ததா?

"இல்ல. ஒரு சொட்டு இல்ல" என்றான் முஆஸ். "நல்ல மேடான எடம். காஞ்ச மண்ணு."

பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். லமீஸ் அப்போதுதான் மூச்சு விட்டாள். முஆஸ் யார் முகத்தையும் பார்க்காமல் ஹாஜிரா பக்கம் திரும்பினான். அவன் பேன்ட் முழங்கால்வரை ஊறி, சேறு ஒட்டி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

குளிப்பாட்டுகிற இடத்தில் கண்டதை வெளியே சொல்லிப் பழக்கமில்லாத வாய் அவளுக்கு.

"அல்லா அவளுக்கு எடத்தை விசாலமாக்கட்டும்" என்றாள். பிறகு லமீஸைப் பார்த்து, "புள்ள நனைஞ்சு நிக்கிறான். ஒரு காஞ்ச கைலி எடுத்துட்டு வாம்மா" என்றாள்.